மகன் கொடுத்த மாத்திரை

ஜூன் 3

என் புரொபசர் அக்காவுக்கு,

அக்கா!!! பேராசிரியர் ஆயிட்டியாமே! மெசேஜ் பாத்ததும் கடையிலயே கத்திட்டேன். செல்போன் ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு பாட்டி பயந்துபோய் போனை விட்டுட்டே கிளம்பிட்டாங்க.

"இன்னுமா படிக்கிறா உங்கக்கா?"ன்னு எதிர்வீட்டு மாமா வருஷாவருஷம் கேப்பாரே? டாக்டருக்குப் படிச்ச, அப்புறம் தொற்றுநோய்க்குன்னு தனியாப் படிச்ச, அவரும் விடாம கேட்டார். இன்னைக்கு நானே போய், "முடிச்சுட்டா மாமா, இனிமே மத்தவங்கள படிக்க வைப்பா"ன்னேன். மனுஷன் பேப்பரைத் தூக்கி மூஞ்சிய மறைச்சுக்கிட்டார்.

உன் கிளாஸ் வீடியோ எல்லாம் எனக்கு மனப்பாடம். கடைக்கு யாராவது இருமிக்கிட்டு வந்தா, "வெளியூர் போனீங்களா, வீட்டுல யாருக்காவது இருக்கா"ன்னு ஆரம்பிச்சுடறேன். சார்ஜர் வாங்க வந்தவங்க முழிக்கிறாங்க.

அம்மா இருந்திருந்தா தெருவையே கூட்டியிருப்பாங்க. போன வருஷம் அம்மாவை வழியனுப்பிட்டுப் போனவ, இன்னும் வரல நீ. இந்த மாசமாவது வா.

உன் முதல் ரசிகன்,
தம்பி

*

ஜூன் 10

அன்புள்ள தம்பிக்கு,

வார்டுல நின்னுக்கிட்டே படிச்சு சிரிச்சேன். "மேடத்துக்கு சிரிக்கத் தெரியுமா"ன்னு என்கிட்ட படிக்கிற பசங்க கிசுகிசுன்னு பேசுறாங்க.

இந்த மாசம் முடியாதுடா. புது பேட்ச் வந்திருக்கு. நேரத்துக்கு சாப்பிடு.

போன வாரம் பெரிய அரங்கத்துல பேசினேன். அந்த வீடியோ வந்தா பாக்காத. உனக்குப் போரடிக்கும்.

அக்கா

*

ஜூன் 14

அக்கா,

பாக்காதன்னா பாக்காம இருப்பேனா நான்?

நோயாளி பேரைச் சொல்லாம கேஸ் சொல்றது உங்க வழக்கம்னு தெரியும். "ஐம்பத்தெட்டு வயசுப் பெண், தையல் வேலை, மூணு வாரமா காய்ச்சல்"னு சொன்ன. அம்மாவை எனக்குத் தெரியாதா?

இதயத்துல கிருமி இருந்திருக்கு. ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடியே வீட்டுல மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் உள்ள போயிட்டதால, டெஸ்ட்ல கிருமி சிக்கல. கண்டுபிடிக்கறதுக்குள்ள வால்வு போயிடுச்சு. இதை யாருமே எனக்குச் சொல்லலக்கா. நீயும்தான்.

"மகன் தானாவே டாக்டர் ஆயிட்டார்"னு சொன்ன. அரங்கமே சிரிச்சுது. என்னன்னு உறைக்கறதுக்கு முன்னாடி நானும் சிரிச்சுட்டேன்.

அந்த மாத்திரையை நான் தானா கொடுக்கலக்கா. அம்மாவுக்குக் காய்ச்சல்னு உனக்குப் போன் பண்ணினேன். பதவி உயர்வு இன்டர்வியூவுக்கு வெளிய உக்காந்திருந்த. "அந்தப் பழைய மாத்திரை அட்டையில இருக்கறதைக் குடுடா, கூப்பிடப் போறாங்க, அப்புறம் பேசறேன்"னு வெச்சுட்ட. ஞாபகம் இருக்கா?

இல்ல, நான்தான் அம்மாவைக் கொன்னுட்டேனா? டாக்டரா வேணாம், அக்காவா சொல்லு.

தம்பி

*

ஜூன் 15

தம்பி,

அந்த வீடியோவை நீக்கச் சொல்லிட்டேன். இனி யாரும் பாக்க மாட்டாங்க. உடம்பைப் பாத்துக்கோ.

அக்கா

*

ஜூன் 30

அக்கா,

பதினஞ்சு நாளா நீ வேற ஏதாவது எழுதுவன்னு பாத்தேன்.

நீக்கச் சொல்லி நான் கேக்கலையே. நல்லாத்தான் பாடம் எடுத்திருந்த. அந்தப் பசங்க கத்துக்கட்டும், இன்னொரு வீட்டுல ஒரு அம்மா பொழைப்பாங்க. திரும்பப் போடு.

ஒரே ஒரு இடத்துல மட்டும் மாத்திப் பேசிட்டுப் போடு. "மகள் சொன்னாங்க, மகன் கொடுத்தார்."

அந்த மகள் டாக்டர்னுகூடச் சொல்ல வேணாம்.

தம்பி