நடுச்சுவருக்கு அடியில்

மார்ச் 2

அன்புள்ள வாலுக்கு,

ஆண்டவரின் ஆசீர் உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும். உன் நலத்தை விசாரிக்கத் தேவையில்லை, அதுதான் ஞாயிறுதோறும் சுவர் வழியாகவே கேட்கிறதே! நம் இரண்டு கோயிலுக்கும் ஒரே கூரை, நடுவில் ஒரே சுவர் என்பது ஒலிபெருக்கி வாங்கும்போது உனக்கு மறந்துவிட்டதா? நான் பூசையில் மௌனமாக நிற்கும் நேரம் பார்த்து, "ஆதிச்சபை அப்பவே வழிதவறிப் போச்சு! ஆயிரத்துச் சொச்ச வருஷம் கழிச்சு வேதத்தைத் திறந்து நம்மாளுங்கதான் அதைக் கண்டெடுத்தாங்க!" என்று முழங்குகிறாய். என் ஜனங்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

தொலைந்திருந்தால்தானேடா கண்டெடுப்பதற்கு? திருத்தூதர்கள் தங்களுக்குப் பின் வந்தவர்களின் தலையில் கை வைத்து அவர்களைக் குருக்களாக்கினார்கள். அவர்கள் அடுத்தவர்களின் தலையில் வைத்தார்கள். ஒரு தலைமுறைகூட விட்டுப்போகாமல் வந்த அந்தக் கை, ஆயரின் கையாக என் தலையில் இறங்கியது. குருமடத்தை விட்டுப் பாதியில் ஓடாமல் இருந்தால் உன் தலையிலும் இறங்கியிருக்கும்.

நேரில் பேசினால் கத்திக்கொள்வோம். அதனால்தான் எழுதுகிறேன். பதில் போடு.

அண்ணன்

மார்ச் 6

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

கர்த்தருக்குள் வாழ்த்துகள். ஒரு போதகருக்கு வரும் உறையில் 'வாலு' என்று எழுதலாமா? தபால்காரர் சிரிக்கிறார்.

ஒலிபெருக்கியைக் குறைத்துவிட்டேன். சொன்னதைக் குறைக்க மாட்டேன். கை மாறி மாறி வந்தது சரி, கையில் இருந்தது மாறாமல் வந்ததா? அப்போஸ்தலர்கள் வீடுகளில் கூடி ஜெபித்தார்கள், அப்பம் பிட்டார்கள். பீடமும் தூபமும் அங்கியும் யார் சேர்த்தது? அவர்களுடைய போதனை எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆதிச்சபை இருக்கிறது. ஆறு கலங்கிவிட்டால் ஊற்றைத் தேடிப் போவது குற்றமா?

நம் நடுச்சுவருக்கு அடியில், இங்கே முதன்முதலில் விசுவாசித்தவர்கள் கட்டிய கட்டடத்தின் கல் இருப்பதாக இரண்டு பக்கத்தாரும் சொல்கிறார்கள். அதைக் கண்ணால் பார்த்தால் தெரிந்துபோகும், அவர்கள் வைத்திருந்தது வீடா பீடமா என்று.

ஊழியத்தில்,
உங்கள் தம்பி

மார்ச் 12

அன்புள்ள வாலுக்கு,

நீ பாட்டுக்கு எழுதிவிட்டாய், எனக்குத் தூக்கம் போயிற்று. பீடத்துக்குப் பின்னால் சுவரோரமாகத் தரையைப் பெயர்த்துவிட்டேன். பூசை முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு நானே தோண்டுகிறேன். இப்போது குழிக்குள் நின்றால் என் தலை வெளியே தெரியாது. செதுக்கிய கல் ஒன்றின் விளிம்பு நேற்று தட்டுப்பட்டது. சாட்சாத் பீடமேதான்! என்னடா சொல்லப் போகிறாய்?

சுவரில் ஒரு விரிசல் விட்டிருக்கிறது. ஈரமாக இருக்கும். மடித்த தாள் நுழைவதால் தபால்காரரைத் தொந்தரவு செய்யாமல் இதை அதன் வழியாகவே தள்ளுகிறேன்.

அண்ணன்

மார்ச் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம், பெருக்கிக்கொண்டிருந்த என் மனைவியின் தலையில் விழுந்தது. "என்னங்க, உங்க அண்ணன் அந்தப் பக்கம் பெருச்சாளி வளக்குறாரா? பொழுதன்னைக்கும் பறண்டுற சத்தம்" என்றாள். சிரித்து மழுப்பிவிட்டேன். ஏனென்றால் அந்தச் சத்தத்தில் பாதி என்னுடையது. பிரசங்க மேடைக்குக் கீழே நானும் தோண்டிக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கிடைத்திருப்பது நீளமான கல், ஆட்கள் வரிசையாக உட்காரும் அளவுக்கு. பீடமாவது ஒன்றாவது! அது சுவருக்கு அடியில் புகுந்து உங்கள் பக்கம் போகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வாசல் கதவு இப்போது மூட மறுக்கிறது. நேற்று கயிற்றைத் தொட ஆளில்லாமல் மணி ஒரு தட்டு தட்டியது. இந்தக் கடிதம் உறையோடு நுழைகிறது பாருங்கள். எனக்கு இது பிடிக்கவில்லை.

தம்பி

மார்ச் 16

அடப்பாவி வாலு,

நீயுமா? வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு குழியைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. உன் இருக்கையும் என் பீடமும் ஒரே கல்லடா. சுவர் அதன்மேல்தான் நிற்கிறது. அதன் அடியிலிருந்த மண்ணை நீ அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் வாரிக் கொட்டியிருக்கிறோம். பீடத் துணியை எத்தனை முறை உதறினாலும் மறுபடி காரைத் தூள் படிகிறது.

ஜனங்களை உள்ளே விடாதே. நானும் பூசையை முற்றத்துக்கு மாற்றிவிட்டேன். ஆனால் கல்லின் அடிப்பக்கம் ஏதோ செதுக்கியிருக்கிறது, விரலுக்குத் தட்டுப்படுகிறது. நாளை ஒரே ஒரு முறை இறங்கிப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன்.

விரிசலில் இப்போது என் கை முழங்கை வரை நுழைந்து உன் பக்கம் எட்டுகிறது. இன்று மாலை வந்து தலையைக் காட்டு. பயப்படாதே, உன்னைக் குருவாக்க மாட்டேன். இது வெறும் அண்ணன் கை.

அண்ணன்

மார்ச் 17, காலை

அண்ணா,

நேற்று உங்கள் கை என் தலையில் இருந்தபோது எனக்கு அழுகை வந்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை. ஆனால் நடுங்கியது உங்கள் கையா சுவரா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இறங்காதீர்கள். நான் என் குழியை மூடத் தொடங்கிவிட்டேன். வீடோ பீடமோ, எதுவாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் சொன்னதே சரி என்று வேண்டுமானால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

தம்பி

மார்ச் 17, மதியம்

அண்ணா,

காலையில் தள்ளிய கடிதம் உங்கள் பக்கத்துத் தரையில் அப்படியே கிடக்கிறது. விரிசலில் பார்த்தால் தெரிகிறது. குழிக்குள் உங்கள் விளக்கு எரிகிறது. ஒருமுறை கூப்பிட்டேன், மேலிருந்து காரை கொட்டியது. உள்ளே மண் சரியும் சத்தம் மட்டும் வந்தது. அதனால் கத்தாமல் எழுதித் தள்ளுகிறேன்.

இப்போது என் தோள்கூட நுழையும். ஆனால் சுவரைத் தொடப் பயமாக இருக்கிறது. தெருவைச் சுற்றிக்கொண்டு உங்கள் வாசல் வழியாகவே வருகிறேன். அந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவன்தான். யார் விட்டார்கள், யார் தொடர்ந்தார்கள் என்பதைப் பிறகு பேசுவோம். நேரிலேயே பேசுவோம், எவ்வளவு வேண்டுமானாலும் கத்துங்கள்.

மேலே ஏறியிருந்தால் இதைப் படிப்பீர்கள். ஏறவில்லை என்றால் நான் இறங்கி வருகிறேன்.

உங்கள்
வாலு