அழுத்தி, இடப்பக்கம் திருப்பு

இயேசு மரி சூசை துணை

மூவார்,
16-10-1934

ரங்கூனில் நர்ஸ் வேலை பார்க்கும் என் அருமை மகள் இன்பராணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தம்பி கிரகோரி மூவரும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். உன் சுகத்தை அப்பா பெயருக்கு வரும் கடிதத்தில்தான் தெரிந்துகொள்கிறேன், அதில் கடைசி வரியாக அம்மாவிடமும் சொல்லவும் என்று போடுகிறாய், அதை அவர் உரக்க வாசிக்கும்போது நான் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டு காதில் விழாத மாதிரி இருப்பேன், இரண்டு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. இந்தக் கடிதத்தை மட்டும் என் கையெழுத்தைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதே, முழுக்கப் படி. போன ஞாயிற்றுக்கிழமை தனலெட்சுமியின் மூக்கை நம் பட்டறை வாசலில் வைத்து அறுத்து அனுப்பினேன்.

முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். மழை பிடித்துக்கொண்டது, சிகாமட் பெரியம்மா வெள்ளத்துக்குப் பயந்து இப்போதே அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிவிட்டார்களாம். கிரகோரி கணக்கில் கோட்டை விட்டான், காதைத் திருகியிருக்கிறேன். அப்பாவுக்கு இடது கண் மங்குகிறது, ஆனாலும் ஊதுகுழலை வைக்கமாட்டேன் என்கிறார், நீ சொன்னால்தான் கேட்பார். நீ வேலை முடிந்து வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு படுக்காதே, உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கத்துத் தெரு ஜெயபாலன் கல்யாணத்தில் நடந்ததை உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நகைக்கடை சபாபதியின் பெண்சாதி தனலெட்சுமி தோளில் குத்தியிருந்த மயில் புரோச்சைக் காணோம் என்று பந்தல் முழுக்கக் கேட்க அலறியது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன்னைப் பார்த்து "பத்தர் வீட்டுப் புள்ளைக்குக் கல்லோட மதிப்பு தெரியும்லா" என்று சொன்னது, எல்லாம் என் நெஞ்சில் அப்படியே கிடக்கிறது. நீ கப்பல் ஏறிய மறுநாளே நான் உட்கார்ந்து யோசித்தேன். என் மகள் எடுக்கவில்லை, புரோச்சுக்குக் காலும் இல்லை, அப்படியானால் அது தோளை விட்டு எப்படிப் போனது. அப்பாவிடம் ஒரு பித்தளைப் புரோச்சு செய்து வாங்கி என் சேலையில் குத்திக்கொண்டு வீட்டு வேலை முழுக்கச் செய்தேன், குனிந்தேன், துணி துவைத்தேன், சாமான் தூக்கினேன், விழுந்தபோதெல்லாம் எப்படி விழுந்தது என்று பார்த்தேன். எட்டாம் நாள் குட்டு வெளிப்பட்டது. மலாய்ப் பெண்கள் கெபாயாச் சட்டையின் முன்பக்கத்தைச் சேர்த்துக் குத்துகிற கெரோசாங்கில் துணி இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும், அதனால் கொக்கியின் வாய் எந்தப் பக்கம் பார்த்தாலும் பாதகமில்லை. சேலை அப்படியில்லை, முந்தானை முதுகுப்பக்கமாகவே இழுத்துக்கொண்டிருக்கும், கொக்கியின் வாயும் அந்தப் பக்கமே பார்த்தால் ஊசி கொஞ்சம் கொஞ்சமாக நழுவி வெளியே வந்துவிடும். சபாபதி கடை ஆசாரிகள் கெரோசாங் அச்சிலேயே சேலைப் புரோச்சையும் செய்துவிட்டு கொக்கியை மட்டும் திருப்பி வைக்காமல் விட்டிருக்கிறார்கள், அவர்களில் ஒருத்தனாவது பெண்சாதியைச் சேலை கட்டச் சொல்லிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கொக்கியைத் திருப்பி வைத்ததோடு நான் விடவில்லை. கொக்கியின் மேல் கடுகளவு குழல் ஒன்றை மாட்டச் சொன்னேன், ஊசி முனை உள்ளே போனதும் குழலைத் திருப்பினால் வாய் மூடிக்கொள்ளும். அப்பா பதினோரு தரம் செய்து பதினோரு தரம் உருக்கினார், என் வாய்க்குப் பயந்து பன்னிரண்டாவதைச் சரியாகச் செய்தார். மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற மைமூன் தன் மகள் கல்யாணத்துக்கு மூன்று கெரோசாங்கிலும் இதே பூட்டைப் போட்டுக்கொண்டு போனாள், காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒன்றுகூட அசையவில்லையாம். அதற்குப் பிறகு மூவாரில் புரோச்சு வைத்திருக்கிற பெண்கள் எல்லோரும் நம் பட்டறை வாசல் நடைபாதையில், இந்த அஞ்சடியில்தான் வந்து நிற்கிறார்கள், சபாபதி கடையில் வாங்கியதைக்கூட இங்கே கொண்டுவந்து கொக்கி மாற்றுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு குளிரும். ஆனாலும் போதவில்லை.

போன மாதம் கருப்பாயி வந்தாள், தனலெட்சுமி வீட்டில் சமைக்கிறாளே அவள்தான். ஒரு கைக்குட்டையை அவிழ்த்து, ஜொகூர் பாருவிலிருந்து வந்த ஒரு அம்மாவின் நகை, உங்கள் பூட்டு போட்டுத் தரவேண்டும் என்றாள். உள்ளே மயில், கண்ணுக்குப் பச்சைக்கல், வாலில் ஏழு சிவப்பு, கொக்கியின் வாய் முந்தானை இழுக்கும் பக்கம் பார்த்தபடி. அவளை உட்காரவைத்து காப்பி கொடுத்து, மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் செய் என்றேன். அவள் அழுதுவிட்டாள். "அந்த வாரமே கெடச்சிருச்சு அக்கா, மோட்டார் சீட்டு இடுக்குல. வெளிய மூச்சு விட்டா வேலைய விட்டு நிறுத்திருவேன்னாங்க" என்றாள். கேட்டாயா இன்பராணி, அந்த வாரமே. நீ கப்பல் ஏறும்போது மயில் அவள் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. இப்போது நம் பூட்டைப் பார்த்து அப்படியே காப்பியடிக்க சபாபதி ஆசைப்பட்டிருக்கிறார், வேறு நகையை அனுப்பினால் நாங்கள் சந்தேகப்படுவோம், பெட்டியிலேயே கிடப்பதை அனுப்பலாம், இரண்டு வருஷத்தில் மறந்திருப்பாள் என்று நினைத்தார்களோ என்னவோ. மறக்கிற ஆளா நான்.

அப்பாவிடம் யார் நகை என்று சொல்லவில்லை. குழலுக்கு அடியில் ஒரு சின்ன வில் வைத்துக்கொடுங்கள், திருடன் கைக்கு அடங்காத பூட்டு வேண்டுமாம் என்றேன், செய்துகொடுத்தார். சும்மா திருப்பினால் இன்னும் இறுகும். உள்ளே அழுத்தி, இடப்பக்கம் திருப்பினால்தான் திறக்கும். நம் பட்டறைப் பழக்கம் உனக்குத் தெரியும், வாங்குகிறவர் கையாலேயே மூன்று தரம் திறந்து மூடிக் காட்டாமல் எந்த நகையும் வெளியே போகாது. வேலை இழுக்கிறது என்று நாளைக் கடத்தி, அவர்கள் கடையில் பிரித்துப் பார்க்க நேரமில்லாதபடி சனிக்கிழமை சாயங்காலம்தான் திறந்தபடி கொடுத்தேன், கருப்பாயிக்கு மூடுவதை மட்டும் மூன்று தரம் காட்டினேன்.

பிறகு காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தனலெட்சுமியின் மகனுக்கு நிச்சயதார்த்தம், வெளியூர் சனம், உள்ளூரில் யாருக்கும் மயிலைப் பற்றி ஞாபகம் இருக்காது என்ற தைரியத்தில் குத்திக்கொண்டிருக்கிறாள். பெண் வீட்டார் கொண்டுவந்த பட்டை மாற்றிக் கட்டவேண்டிய நேரம் வந்ததும் புரோச்சு வரவில்லை. திருப்பத் திருப்ப இறுகியது. கடை ஆசாரிகள் இரண்டு பேரும் குறடோடு வந்து பார்த்திருக்கிறார்கள், கடுகளவு குழல் குறடுக்கு அகப்படவில்லை, தோள் மேல் வைத்து நெருப்பு ஊத முடியுமா. ரவிக்கையோடு சேர்த்துக் கழற்றலாம் என்றால் ஊசி உள்பாடியையும் சேர்த்துப் பிடித்திருந்தது, மூன்றையும் சேர்த்து உருவ அவள் உடம்பு இடம் கொடுக்கவில்லையாம். நல்ல நாளும் அதுவுமாகப் பட்டில் கத்தரி வைக்கக்கூடாது என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். நாங்கள் பூசை முடிந்து வரும்போது நம் வாசலில் மோட்டார் நிற்கிறது, உள்ளே தனலெட்சுமி, தோளில் மயில், முகத்தில் ஈயாடவில்லை.

நான் அவசரப்படவில்லை. கதவைத் திறந்தேன், முக்காட்டை எடுத்து மடித்து வைத்தேன், காப்பி போட்டுக் குடித்தேன். அதற்குள் அஞ்சடியில் கூட்டம் சேர்ந்துவிட்டது, பக்கத்து நாற்காலிக் கடைச் சீனர்கூட இழைப்புளியோடு வந்து நின்றார், மைமூனும் இருந்தாள். தனலெட்சுமியை வெளியே முக்காலியில் உட்காரச் சொல்லி, இந்த மயில் எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது, சத்தமாகச் சொன்னால் திறக்கிறேன் என்றேன். அவள் என் காதோரமாக வந்து "மன்னிச்சிருங்க அக்கா, உள்ள போயி பேசலாம்" என்றாள். பந்தலில் என் மகளைப் பற்றிக் காதோரமாகவா சொன்னாய் என்று கேட்டேன். சபாபதி கையைப் பிசைந்துகொண்டு நேரமாகிறது நேரமாகிறது என்றார், ஆகட்டும் என்றேன். கடைசியில் சொன்னாள். மோட்டாரில் கிடைத்தது, அந்த வாரமே கிடைத்தது, இன்பராணி எடுக்கவில்லை. மைமூனுக்குப் புரியவில்லை, மலாயிலும் சொல் என்றேன். "பூடாக் இத்து தாக் சுரி" என்று சொன்னாள், அந்தப் பிள்ளை திருடவில்லை என்று, இரண்டு தரம் சொல்லவைத்தேன். சீனர் தலையை ஆட்டினார். அப்புறம் அழுத்தி, இடப்பக்கம் திருப்பினேன், கண்ணிமைக்கிற நேரத்தில் கழன்று என் கையில் விழுந்தது. அவள் மடியில் போட்டேன். இனி உன்னைப் பற்றி மூவாரில் எவளாவது வாயைத் திறந்தால் நான் சும்மா விடமாட்டேன், திறக்கவும் மாட்டார்கள். அப்பாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது, "ஒன்னோட நான் எப்படி இத்தனை வருசம் குடித்தனம் பண்ணேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சிரித்தார்.

இதோடு நிறுத்தியிருந்தால் நன்றாயிருக்கும். மோட்டாரில் ஏறப்போனவள் திரும்பி வந்தாள். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நான் சந்தேகம்தான் பட்டேன் அக்கா. பையப் பிடுங்கிப் பாயில கொட்டுனது நீங்கதானே" என்றாள்.

யாரும் கேட்காமலே உன் கையிலிருந்த பையைப் பிடுங்கி எல்லோர் முன்னாலும் கவிழ்த்தவள் நான்தான், உன் செபமாலை, சீப்பு, எட்டாக மடித்த கைக்குட்டை எல்லாம் பாயில் விழுந்தது, நீ குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாய், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. என் பிள்ளை சுத்தமானவள் என்று காட்டத்தான் அப்படிச் செய்தேன் என்று அப்பாவிடம், பாதிரியாரிடம், எனக்கு நானே எத்தனையோ தரம் சொல்லியாகிவிட்டது. அது பொய் இன்பராணி. கவிழ்க்கும்போது உள்ளே மயில் இருந்துவிடுமோ என்று ஒரு நொடி பயந்தேன். அது உனக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் எனக்கு எழுதுவதில்லை. அவள் ஊரார், சந்தேகப்பட்டாள். நான் உன்னைப் பெற்றவள்.

தனலெட்சுமிக்கு என்ன கொடுக்கவேண்டுமோ கொடுத்துவிட்டேன். எனக்கு என்ன என்று நீதான் சொல்லவேண்டும். இரக்கப்பட்டுக் குறைத்து எழுதாதே, அவளை இரண்டு பாஷையில் சொல்லவைத்தவள் நான், எனக்கும் அதற்குக் குறையாமல் இருக்கட்டும்.

இதோடு ஒரு சின்ன வெள்ளிப் புரோச்சு அனுப்பியிருக்கிறேன், அப்பா செய்தது, பூட்டு நான் சொன்னது. வேண்டாமென்றால் திருப்பி அனுப்பு, அதற்கும் சம்மதம். மாதா உன்னைக் கண்போலக் காப்பாற்றட்டும், உன் கை பட்ட நோயாளிகள் எல்லோரும் எழுந்து நடக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. பதில் எழுதும்போது உறையின் மேல் அப்பா பெயரை எழுதாதே, மறக்காமல் என் பெயரை எழுது.

உன் பதிலை வாங்கப் போகிற,
அம்மா மரியஞானம்