வாளியில் ஒரு கடல் முயல்

14 ஆகஸ்ட் 1994, ஞாயிறு

தஞ்சோங் கிளிங் கடற்கரைப் பாறைகளுக்கிடையில் இன்று ஒரு கடல் முயல் கிடைத்தது. வெளியே ஓடு தெரியாத கடல் நத்தை அது. நூலகப் புத்தகத்தில் படித்ததிலிருந்து தேடிக்கொண்டிருந்தேன். வாளியில் கடல்நீர் எடுத்து அதில் விட்டேன். முதுகிலுள்ள குழாயை பிரஷ் நுனியால் தொட்டதும் செவுளைச் சட்டென உள்ளே இழுத்தது. திரும்பத் திரும்பத் தொட்டால், இதில் ஆபத்தில்லை என்று கற்றுக்கொண்டு இழுப்பதைக் குறைக்குமாம். ஒரு நரம்பணு அடுத்த நரம்பணுவுக்குச் சொல்லும் சேதி மெலிந்துபோகுமாம். நத்தையின் ஞாபகம் அங்கேதான் இருக்கிறதாம்.

"பாவம்லா, விட்ரு அக்கா," என்றாள் தங்கை செல்வி.

"இருடி, அது படிக்குது."

"அதுக்குமா டியூஷன்?"

வெயில் ஏறியது. அது ஊதா நிறத்தில் எதையோ கக்கியது. தண்ணீரை மாற்ற நினைத்தேன், மாற்றவில்லை. தொட்டால் மெதுவாக இழுத்தது. பிறகு இழுக்கவே இல்லை.

"பழகிருச்சு!" என்று கத்தினேன். செல்வி கைதட்டினாள்.

பழகிய நத்தையைப் பலமாகக் கிள்ளினால் மிரண்டு மறுபடி இழுக்கும் என்றும் படித்திருந்தேன். கிள்ளினேன். அசையவில்லை. அப்போதுதான் கவனித்தேன், வாளித் தண்ணீர் சுட்டது.

கடலில் விட்டுவிட்டதாகச் செல்வியிடம் சொன்னேன். விட்டது உண்மைதான். அலை அதைக் கரைக்கே திருப்பிக் கொண்டுவந்ததை அவள் பார்க்கவில்லை.

இப்போது பாதித் தூக்கத்தில் கேட்கிறாள்: "அக்கா, அதுக்கு நம்மள ஞாபகம் இருக்கும்தானே?"

"இருக்கும், தூங்குடி," என்றேன்.

கடல் பக்கத்திலேயேதான் இருந்தது. புதிதாய் ஒரு வாளித் தண்ணீர் போதுமாயிருந்தது.