உள்ளே முறிந்த பென்சில்கள்

அன்புள்ள தங்கபாய்க்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். போனக்காட்டுக் குளிரில் உன் முட்டுவலி எப்படி? இதை யாரும் எழுதித் தரவில்லை. அறுபத்தெட்டு வயதில் எழுத்துக் கற்று நானே எழுதுகிறேன், பார்த்தாயா!

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. கரமனையில் நான் வேலை பார்க்கும் வீட்டு ஜானவி அம்மா படம் வரைகிறவர். அவருடைய கலர் பென்சில்கள் பள்ளிக்கூடத்துப் பென்சில்கள் போல அல்ல. தாளில் வெண்ணெய் மாதிரி வழுக்கும், வெயிலிலும் நிறம் மங்காது. ஆனால் கீழே விழுந்தால் கட்டைக்குள் இருக்கும் வண்ணக் குச்சி நொறுங்கிவிடும். வெளியே கீறல்கூடத் தெரியாது.

போன வாரம் தூசி தட்டும்போது பெட்டியைத் தவறவிட்டேன். எல்லாம் முழுசாகத் தெரிந்ததால் அடுக்கி வைத்துவிட்டேன். இப்போது சீவச் சீவ முனை உதிர்கிறது.

“கடைக்காரன் நன்னா ஏமாத்திட்டான், மாமா. திங்கட்கிழமை பெட்டியோட போய் அவனை உண்டு இல்லைன்னு ஆக்கப்போறேன்!” என்று அம்மா என்னிடம் சொல்கிறார்.

‘கீழே போட்டது நான்’ என்று எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்; கடைக்குக் கிளம்பும்போது பார்ப்பார். நானாக எழுதிய முதல் எழுத்து அதுதான். உனக்கு எழுதும் இது இரண்டாவது.

இதைக் கொண்டுவரும் நம் அஜீஷ் வாசலில் அவசரப்படுகிறான். திரும்பும்போது அவனிடம் என் பழைய கண்ணாடியைக் கொடுத்தனுப்பு. இல்லை, செவ்வாய்க்கிழமை வரை பொறு. நானே வந்து எடுத்துக்கொள்ளும்படி ஆகலாம்.

உன்
செல்லையன்