டொலியின் சில்லுச் சப்பாத்து

என் டொலி மச்சாளுக்கு,

சுகமா என்று கேட்கமாட்டேன். செத்தவளிடம் அப்படிக் கேட்பது மடத்தனம். மடத்தனமாகக் கேட்பதற்கு இந்த ஊரில் ஏற்கனவே தாராளமாக ஆட்கள் இருக்கிறார்கள்.

செய்திக்கு வருகிறேன். நான் சில்லுச் சப்பாத்துப் போட்டு ஓடுகிறேன். ஓம், ஐம்பத்திமூன்று வயதில், அரசாங்கக் கச்சேரியில் தட்டெழுத்தடித்து வளைந்த இந்த முதுகோடு, ஒரே வரிசையில் நாலு சக்கரம் பூட்டின உன்னுடைய அந்தக் கறுப்புச் சப்பாத்தில்தான். சிரிக்காதே. ஊரில் எவரும் சிரிக்கலாம், உனக்கு மட்டும் அந்த உரிமை இல்லை.

ஏனென்றால் நீ ஒரு பொய்க்காரி. சின்ன வயதில் உங்கள் பறங்கிச் சனத்தின் மண்டபத்தில் இரவல் சப்பாத்தோடு இரண்டு சுற்றுச் சுற்றியதை வைத்துக்கொண்டு, மெல்பேணில் இருக்கிற தம்பிக்கு ஒவ்வொரு நத்தார் வாழ்த்து மடலிலும் "இன்னும் ஓடுறன்" என்று எழுதினாய். அந்த மேதாவி அதை நம்பிவிட்டான். சண்டை நடக்கிற ஊரில், பாதி ஓடு பறந்த வீட்டில், முட்டு இழுப்போடு கிடந்த அக்காவுக்கு அவன் என்ன அனுப்பினான்? மருந்தா? புதுமோஸ்தர் சில்லுச் சப்பாத்து. அதுவும் உன் காலைவிட இரண்டு அளவு பெரிது. பெட்டியைத் திறந்துவிட்டு நீ இருமி இருமிச் சிரித்தாய். பிறகு அதை அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்தாய்.

"மறுகா பாப்பம் கா. ரெண்டு பேரும் சேந்து பழகுவம்."

உனக்கு எல்லாமே மறுகாதான், பிறகுதான். ஓடு போடுவது மறுகா, பல் கட்டுவது மறுகா, என் அண்ணனிடம் மனதில் உள்ளதைச் சொல்வதும் மறுகா. அவன் வேறொருத்தியைக் கட்டினான். அவனைக் கட்டப்போகிறேன் என்று சொல்லி நீ என்னை மச்சாள் என்று கூப்பிடத் தொடங்கியது மட்டும் நமக்குள் மிஞ்சியது.

நீ போனபிறகு உன் சாமான்களை மாதா கோயிலுக்குக் கொடுக்கச் சொல்லித் தம்பி எழுதியிருந்தான். கட்டில், கதிரை, தையல் மெசின், எல்லாம் கொடுத்தேன். சப்பாத்தை மட்டும் உன்னுடைய பூப்போட்ட கவுணுக்குள் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். போட்டுப் பார்த்தால் எனக்கு அளவெடுத்துச் செய்தது போலிருந்தது. அன்றைக்குத்தான் உனக்காக முதன்முதலாக அழுதேன், டொலி. செத்தவீட்டில் எனக்கு அழுகை வரவில்லை.

பழகியது என் வீட்டு விறாந்தையில். இரண்டு முழங்காலிலும் பழைய தலையணையைச் சீலைக் கிழிசலால் கட்டிக்கொண்டு, சன்னல் கம்பியைப் பிடித்தபடி சிவப்புச் சீமெந்தில் போய்வந்தேன். விழுந்தேன். எழும்பினேன். ஒரு கிழமை கதிரையில் இருக்க முடியாமல் நின்றுகொண்டு தட்டெழுத்தடித்தேன். அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற தபாலதிபர் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "முழங்கால மடிக்கோணும் புள்ள, உடம்ப முன்னுக்குச் சாய்க்கோணும்" என்று தினமும் பாடம் எடுத்தார். சைக்கிளுக்குக் காற்றடிக்கவே ஆள் தேடுகிற மனிசன். அவருடைய பாடத்தைக் கேட்டு இரண்டு தரம் மல்லாக்க விழுந்தேன். பிறகு அவர் தலை தெரிந்தவுடனே வானொலியைச் சத்தமாக வைத்துவிடுவேன்.

அண்ணனைக் கட்டினவளும் வந்தாள். வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னகா, உனக்கு விசரா? இந்த வயசில சனம் கோயில் குளமெண்டு திரியுது. நீ சில்லில திரியிறாய்."

"கோயிலுக்கும் சில்லிலதான் வாறதா இரிக்கன் மச்சாள். வழியில நிண்டிராதீங்க, எனக்கு இன்னும் நிப்பாட்டத் தெரியா."

அவள் ஒரு மாதம் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. சப்பாத்தால் கிடைத்த முதல் நன்மை அது.

நான் ஏன் பழகினேன் என்று இவர்களில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னாலும் விளங்கிக்கொள்ளுகிற சாதியா இது? உனக்குத் தெரியும். அந்தக் கடையடைப்பு நாளை நீ மறந்திருக்க மாட்டாய். காலையில் உனக்கு முட்டு கூடிவிட்டது. ஓட்டோ இல்லை, பஸ் இல்லை. உன்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு ஆசுபத்திரிக்கு மிதித்தேன். நீ என் முதுகில் நெற்றியை வைத்திருந்தாய். உன் நெஞ்சு இழுக்கிற சத்தம் என் முள்ளந்தண்டில் கேட்டது.

ஆமி முகாமுக்கு முன்னால் சென்றிக் காவல். அங்கே வழமை என்னவென்று உனக்கும் எனக்கும் தெரியும். முதல் தார்ப்பீப்பாயில் இறங்க வேண்டும், சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும், கடைசிப் பீப்பாய் தாண்டித்தான் ஏறலாம். நான் இறங்கினேன். உன்னையும் இறக்கினேன். நீ ஒரு கையால் கரியரைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து, அந்தத் தூரம் முழுக்க நடந்தாய். கடைசிப் பீப்பாயில் உன் உதடு நீலமாக இருந்தது. நடக்க விட்டிருக்கக்கூடாது என்று, அன்றைக்கே நீ கண்ணை மூடினபிறகு, டொக்டர் சொன்னார்.

அந்த ஆமிக்காரன் நம்மை இறங்கச் சொல்லவே இல்லை, டொலி. அவன் வாயைத் திறப்பதற்கு முன்னமே நான் இறங்கிவிட்டேன். கச்சேரியில் சிங்களக் கடிதமெல்லாம் தட்டெழுத்தடிக்கிறவள் நான். இவவுக்கு நடக்க ஏலாது என்று அவன் மொழியிலேயே சொல்லத் தெரிந்தவள். சொன்னேனா? ஊரை இளக்காரம் பண்ணுகிற இந்த வாய் அன்றைக்கு எங்கே போயிருந்தது?

அதனால்தான் பழகினேன். அந்தச் சென்றியை ஒரு தரமாவது இறங்காமல் கடக்க வேண்டும். சைக்கிளில் வந்தவளை இறக்கலாம், காலோடு பூட்டின சில்லில் இருந்து எப்படி இறக்குவார்கள்? அதோடு இந்த ஊரில் வழுவழுவென்று தார் போட்ட றோட்டு முகாமுக்கு முன்னால் மட்டும்தான் இருக்கிறது. பெரியவர்கள் வந்துபோகிற இடமல்லவா. மற்றதெல்லாம் குண்டும் குழியும், நமக்கு அது போதுமென்று விட்டுவிட்டார்கள்.

முதல் தரம் போனது ஒரு ஞாயிறு பின்னேரம். வாவிப் பக்கமிருந்து காற்று முதுகில் தள்ளியது. நல்லாய்த்தான் ஓடினேன், நம்பு. முதல் பீப்பாய் கண்ணில் பட்டது. என் வலது கால் தன்பாட்டில் பின்னால் எழும்பி, இல்லாத சைக்கிளின் சீற்றுக்கு மேலால் சுழன்று, இறங்கியது.

ஓம். நான் சப்பாத்தில் இருந்து இறங்கினேன். எவரும் ஒரு சொல் சொல்லாமல், வருசக்கணக்காகப் பழக்கின மாடு மாதிரி. முகம் குப்புற விழுந்ததில் உதடு கிழிந்தது. மண்மூட்டைக்குப் பின்னால் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர்களில் எனக்குக் கோபமில்லை. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். அந்தக் காலைத்தான் வெட்டிப்போட வேண்டும் போலிருந்தது. தபாலதிபரையும் அண்ணியையும் உன் தம்பியையும் இவ்வளவு நேரம் கேவலப்படுத்தி எழுதினேனே, அவர்களெல்லாம் சேர்ந்தாலும் அந்தக் காலின் கேவலத்துக்குக் கிட்ட வரமாட்டார்கள்.

மறுநாளே விறாந்தையின் நடுவில் ஒரு வெறும் பீப்பாயை உருட்டிவந்து நிறுத்தினேன். அதைப் பார்த்துக்கொண்டு இறங்காமல் போகப் பழகினேன். எத்தனை நாள் என்று கேட்காதே. கால் கேட்கவே மாட்டேனென்றது.

போன கிழமை மாதா கோயிலில் உன் ஆண்டுப் பூசை. அண்ணி புதுச்சீலை உடுத்துக்கொண்டு முன்வாங்கில் இருந்தாளாம், நீ என்னவோ அவளுடைய கூடப்பிறந்தவள் மாதிரி. நான் பூசைக்குப் போகவில்லை. அந்த நேரம் நான் உன்னுடைய பூப்போட்ட கவுணைப் போட்டுக்கொண்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுச் சென்றிக்குப் போனேன்.

முதல் பீப்பாய் வந்தது. வலது கால் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை நிலத்திலேயே வைத்திருந்தேன். நடுவில் நின்ற ஆமிக்காரன் கையைக் காட்டி மறித்தான். பீப்பாயைப் பிடித்து நின்றேன். அட்டையைப் பார்த்தான், என் காலைப் பார்த்தான். குனிந்து ஒரு சில்லை விரலால் சுழற்றிப் பார்த்தான்.

"அம்மா, இறங்கு. கழட்டு. நடந்து போ."

நான் சிங்களத்தில் சொன்னேன். "ஏலாது."

அவ்வளவுதான். காரணம்கூடச் சொல்லவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான். கிழவிக்கு விசர் என்று நினைத்தானோ, தன் தாயை நினைத்தானோ, எனக்குத் தெரியாது. தோளைக் குலுக்கிவிட்டு வழி விட்டான். கடைசிப் பீப்பாய்வரை நின்றபடியே உருண்டு போனேன்.

வெற்றி என்று நினைக்காதே. அந்தப் பக்கம் போய் வாவிக்கரைக் கட்டில் குந்தி, கடந்துவந்த பீப்பாய்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். ஒரு சொல்லுக்கு விட்டான், டொலி. ஒரேயொரு சொல்லுக்கு. அன்றைக்கும் இதைச் சொல்லியிருந்தால் அங்கே நின்றவன் விட்டிருப்பானா? விட்டிருக்க மாட்டான் என்று யாராவது எனக்குச் சத்தியம் பண்ணித் தந்தால், அண்ணியின் காலில்கூட விழுவேன்.

இந்தச் சென்றியால் இன்னும் எத்தனையோ பேர் நோயாளியைக் கரியரில் வைத்துக்கொண்டு போவார்கள். எனக்குத் தெரிந்தவர்களோ தெரியாதவர்களோ, நான் கண்டால் பக்கத்தில் போய் அந்தச் சொல்லைச் சொல்லுவேன். அடி விழுந்தாலும் சொல்லுவேன். மறுகா அல்ல, அந்த இடத்திலேயே.

உன்னை இறக்கி நடக்கவிட்ட,
உன் மச்சாள்
பூமணி