கடைசியாக வெளியேறியவன்

சைகோன்,
மே 1955

அன்புள்ள அக்காவுக்கு,

காரைக்கால்வாழ் பொதுமக்களுக்கு இதனால் அறிவிப்பது யாதெனில், உன் தம்பிக்கு மீசை முளைத்துவிட்டது. இடப்பக்கம் மட்டும்.

இன்னொன்று. கொட்டகையில் தமிழ்ப் படம் ஓடும்போது இந்த ஊர் சனத்துக்காக மைக்கில் வசனம் சொல்வது இப்போது நான்தான். கதாநாயகி தமிழில் அழுவாள். நான் வியட்நாமிய மொழியில் மூக்குச் சிந்தி, நடுவில் பிரெஞ்சில் 'பர்தோன்' என்று மன்னிப்பும் கேட்பேன்.

படம் ஓட்டியவர் சஸ்த்ரோ என்ற ஜாவாக்காரர். பிஸ்மி சொல்லாமல் ஒரு சுருளையும் மாட்டமாட்டார். "வேலை தொழுகை, தம்பி. பாதியில விட்டா கூலி ஹராம்" என்பார். "அப்ப இடைவேளை விடுறீங்களே?" என்று கேட்டேன். காதைத் திருகினார்.

முந்தாநாள் அரசுப் படைக்கும் கலகக்காரர்களுக்கும் நடந்த தெருச் சண்டையில் கொட்டகைமேல் குண்டு விழுந்து தீப்பிடித்தது. நான் மைக்கை விடாமல், மூன்று பாஷையிலும் வழி சொல்லி எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாக வெளியேறினேன். அம்மாவிடம் இப்படியே சொல்.

சஸ்த்ரோவை நேற்று அடக்கம் செய்தார்கள்.

அக்கா, இது உனக்கு மட்டும். சத்தம் கேட்டதும் மைக்கைப் போட்டுவிட்டு முதலில் ஓடியவன் நான். அதை எடுத்து, தெரிந்த பாஷையெல்லாம் கலந்து வழி சொன்னவர் அவர்தான். எல்லாரும் வெளியே வந்தபின் அவரும் வாசலுக்கு வந்தார். "மைக்குத் தம்பி எங்க?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. திரும்பவும் உள்ளே போனார்.

எதிர்ச்சந்தில் குப்பைத்தொட்டிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கினால் சுட்டுவிடுவார்களோ என்று பயம். கூப்பிடவில்லை.

உன் தம்பி