நோயாளி சிரமமின்றி இருக்கிறார்

மார்ச் 3, செவ்வாய்

செய்முறைத் தேர்வில் நான் தோற்ற காரணத்தை இன்று மருத்துவக் கல்லூரி அலுவலகத்தில் எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். 'இதயப் பரிசோதனை: ஸ்டெதஸ்கோப்பின் தவறான பக்கத்தை வைத்தார். சத்தம் தெளிவாகக் கேட்பதாகக் கூறினார்.' ஐந்து வருடப் படிப்பின் மானத்தை வாங்க இரண்டே வரி.

அதன் தலையைத் திருகினால் ஒரு பக்கம்தான் வேலை செய்யும், மறுபக்கம் செவிடு. விரலால் தட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நானோ செவிட்டுப் பக்கத்தை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கச்சேரி கேட்பவள் மாதிரி தலையாட்டினேன்.

மறுதேர்வு பதினெட்டாம் தேதி. அதிலும் கோட்டைவிட்டால் கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போவார்கள், நான் ஜூனியர்களோடு உட்கார வேண்டும். அப்பா அதற்குள் "பொண்ணு டாக்டராயிட்டா" என்று ஊருக்கே சொல்லி முடித்துவிட்டார். பெரியப்பா முட்டிவலிக்கு மருந்து கேட்டு தினமும் போன் செய்கிறார்.

மார்ச் 5, வியாழன்

அண்ணனைப் படுக்கவைத்து ஈரலைத் தேடினேன். கை வைத்ததுமே நெளிகிறான். "கூசுதுடி, விடு!" மேலிருந்து கீழாக விரலால் தட்டிக்கொண்டே வந்தேன். "என்ன, தர்பூசணி வாங்க வந்தியா?" என்றான். ஈரல் கிடைக்கவில்லை. சாப்பிட்ட சோறுதான் கிடைத்தது.

மார்ச் 9, திங்கள்

எங்கள் கல்லூரியில் இதயத் தேர்வு என்றால் நோயாளியாக வந்து படுப்பது ஒரு தையல்காரர்தான். அவர் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது. பதினோரு வருடமாக ஒரு தேர்வுக்கும் வராமல் இருந்ததில்லை. சட்டையைக் கழற்றும்போதே பாடம் தொடங்கிவிடுவார், குசுகுசுவென்று. இன்று பயிற்சிக்குப் போனபோதும் அப்படித்தான்.

"டாக்டரம்மா, என்னை இடது பக்கமாத் திரும்பிப் படுக்கச் சொல்லுங்க. மூச்ச வெளிய விட்டு நிறுத்தச் சொல்லுங்க. ஸ்டெதஸ்கோப்போட சின்னக் கிண்ணத்த வச்சு லேசாத் தொடுங்க, அழுத்தாதீங்க. ஆங்... இப்ப கேக்குதா?"

"கேக்குதுண்ணா" என்றேன். ஒரு மண்ணும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் முட்டையைப் பிடித்தேன். (கூடப் படிப்பவன். முதல் வருடம் வாங்கிய மதிப்பெண்ணால் வந்த பெயர்.) தூரத்தில் லாரி போகிற மாதிரி ஓசை என்று அழகாகச் சொல்பவன் அவன்.

"உனக்கு நிஜமாவே கேட்டுச்சா?"

அக்கம்பக்கம் பார்த்தான். "உனக்கு?"

ஆக, யாருக்கும் கேட்டதில்லை! முந்தைய பேட்ச் விட்டுப்போன லாரியைத்தான் எல்லோரும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

மார்ச் 14, சனி

மனப்பாடம். கட்டிலின் கால்மாட்டில் நின்று முதலில் நோயாளியைப் பார்க்க வேண்டும். பிறகு 'நோயாளி சிரமமின்றி இருக்கிறார்' என்று உரக்கச் சொல்ல வேண்டும். அரை மதிப்பெண். அதற்குப் பிறகுதான் கை, நாடி, கழுத்து, மார்பு. அவசர நோயாளிக்கு வேறு வரிசை: மூச்சுப் பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு. இதையெல்லாம் என் தலையணைக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்: "அந்த ஆளு செத்துக் கிடந்தாலும் இப்படித்தான் ஒப்பிப்பியா?"

அம்மாவுக்குத் தேர்வு முறை புரியவில்லை.

மார்ச் 18, புதன்

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

நான் ஏழாவது ஆள். தேர்வாளர் இஸ்திரி சார். கோட்டிலும் சரி முகத்திலும் சரி, ஒரு சுருக்கம் இருக்காது. நாற்காலியில் குனிந்து மதிப்பெண் தாளை நிரப்பிக்கொண்டிருந்தார். கால்மாட்டில் போய் நின்றேன். வாய் தானாக ஓடியது.

"நோயாளி சிரமமின்றி இருக்கி—"

இல்லையே! தையல்காரரின் தோள் இரண்டும் ஏறி இறங்குகின்றன. மேலுதட்டில் வியர்வை. தலையணையை இழுத்து முதுகுக்குக் கொடுக்கப் பார்க்கிறார், முடியவில்லை. அந்த நிலையிலும் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறார்: "டாக்... டரம்மா... இடது... பக்கம்..."

எனக்கு முன்னால் ஆறு பேர். ஆறு பேரும் அந்த வாக்கியத்தைச் சொல்லி, அவரைச் சாய்த்துப் படுக்கவைத்து, மூச்சை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். நானும் முக்கால் வாக்கியம் சொல்லிவிட்டேனே!

பிடித்துத் தூக்கி, காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்தேன். நாடி தாறுமாறாக ஓடியது, எண்ண முடியவில்லை. ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டேன். இரண்டு பக்கமும் பாதி உயரம்வரை பொரிகிற சத்தம். நுரையீரலில் நீர். "சிஸ்டர், ஆக்சிஜன்!"

"கேள்வி இதயச் சத்தம் பத்தி மட்டும்தான்" என்றார் சார், தலை நிமிராமல்.

"சார், அந்தத் தாளை வச்சிட்டு இவரைப் பாருங்க சார்!" கத்தியேவிட்டேன்.

பார்த்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. நீரை இறக்குகிற ஊசி, டிராலி, ஓட்டம்.

நேற்றிலிருந்தே மூச்சு வாங்கியதாம். தேர்வு கெட்டுவிடக் கூடாது என்று யாரிடமும் சொல்லவில்லையாம். மனுஷனா இவர்?

மார்ச் 19, வியாழன்

தையல்காரர் பிழைத்துக்கொண்டார். நான் பிழைக்கவில்லை. தாளில் 'இதயச் சத்தம்: பரிசோதிக்கவில்லை.' விதி அப்படியாம். மே மாதம் இன்னொரு முறை எழுதலாம் என்று இரக்கம் காட்டியிருக்கிறார்கள். முன்னால் போன ஆறு பேருக்கும் அந்த அரை மதிப்பெண் உண்டு.

அப்பாவிடம் சொன்னேன். டிவியை அணைத்தார். பிறகு, "அந்த ஆளு சாப்பிடுறாரா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மார்ச் 27, வெள்ளி

அவருக்கு வால்வு மாற்றப் போகிறார்கள். ஜூனியர்கள் என்னை முறைக்கிறார்கள். பதினோரு வருட விடைத்தாளைக் கெடுத்தவளாம் நான்.

ஏப்ரல் 20, திங்கள்

வார்டில் போய்ப் பார்த்தேன். புது உலோக வால்வு. கட்டிலருகில் நின்றாலே டிக், டிக் என்கிறது. அவர் மனைவி, "கடிகாரத்தோட குடும்பம் நடத்துற மாதிரி இருக்கு டாக்டர்" என்றார். தையல்காரருக்குத்தான் வருத்தம். "இனி என்னைப் பரீட்சைக்குக் கூப்பிட மாட்டாங்கல்ல?"

"கூப்பிட்டா உங்களைக் கட்டிப்போட்டுருவேன்" என்றேன்.

மே 6, புதன்

புது நோயாளி. இளம்பெண், பள்ளி ஆசிரியை. அவருக்குத் தன் நோயின் பெயர்கூடத் தெரியாது. கால்மாட்டில் நின்றேன். பார்த்தேன். நிஜமாகவே சிரமமின்றித்தான் இருந்தார், கொட்டாவி விட்டார்.

கேட்டு முடித்தேன்.

"என்ன கேட்டுது?" என்றார் இஸ்திரி சார்.

லாரி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"ஒண்ணும் கேக்கலை சார்."

மதிப்பெண் தாளைக் கவிழ்த்து வைத்தார். நாற்காலியிலிருந்து எழுந்துபோய், திறந்திருந்த ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"நேரம் இருக்கும்மா. திரும்பக் கேளு."

கேட்டேன். ரொம்ப மெல்லிசு. ஆனால் இருந்தது.